நிலாவாரை: பறிப்பது, உலர்த்துவது, அளந்து குடிப்பது – புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இராமநாதபுரம் மாவட்டத்தில் சாயல்குடியிலிருந்து கடலாடி வரை, மழை முடிந்த மாதங்களில் மானாவாரிக் காடுகளில் இடுப்பளவு உயரத்தில் மஞ்சள் பூக்களோடு ஒரு செடி நிற்பதைப் பார்க்கலாம். நிலாவாரை என்றும் நிலவாகை என்றும் பெயர். வியாபாரிகள் சென்னா இலை என்பார்கள். தாவரவியலில் இது சென்னா அலெக்சாண்ட்ரினா. பழைய நூல்களில் காசியா அங்கஸ்டிஃபோலியா என்றிருக்கும். உலக மருந்துச் சந்தையில் இதற்குத் 'திருநெல்வேலி சென்னா' என்றே பெயர். இராமநாதபுரம், தூத்துக்குடி, திருநெல்வேலி, விருதுநகர் வட்டாரங்களின் வறண்ட நிலங்களில் விளைந்து கப்பலேறுகிற சரக்கு இது.

இந்த இலை மலச்சிக்கலுக்கு உலகெங்கும் நம்பப்படும் மருந்து. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சென்னாவுக்கு இடம் உண்டு. அப்படிப்பட்ட சரக்கை விளைவிக்கிற நம் பகுதியிலேயே பலர் இதைக் கைப்பிடி கணக்கில் அள்ளிப்போட்டுக் கொதிக்கவைத்துக் குடிப்பதையும், மெலிவதற்கான டீ என்று தினமும் குடிப்பதையும் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. இலையை எப்படி உலர்த்துகிறோம், எத்தனை கிராம் எடுக்கிறோம் என்ற இரண்டும் சரியாக இருந்தால்தான் இது மருந்து. அதை முதலிலிருந்து சொல்கிறேன்.

முதலில் செடியைச் சரியாக அடையாளம் காணுங்கள்

இந்தக் கரையோரத்தில் இதே குடும்பத்துச் செடிகள் பல இருப்பதால் குழப்பம் எளிது. பூவை நம்ப வேண்டாம். எல்லாவற்றுக்கும் மஞ்சள் பூதான். இலையையும் காயையும் பாருங்கள்.

நிலாவாரையின் ஒரு காம்பில் 5 முதல் 8 இணை வரை சிற்றிலைகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஈட்டி முனை வடிவில் நீண்டு, நுனி கூர்மையாக, 2.5 முதல் 5 சென்டிமீட்டர் நீளத்தில் இருக்கும். ஒரு சிற்றிலையைக் கிள்ளி, அடிப்பகுதியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுநரம்பின் ஒரு பக்கம் சற்று மேலேயும் மறுபக்கம் சற்றுக் கீழேயும் காம்போடு சேர்ந்திருக்கும். இந்தச் சமமின்மை உலர்ந்த இலையிலும் மறையாது என்பதால், கடையில் வாங்கும்போதும் கைகொடுக்கும். காய் தட்டையானது, காகிதம் போல் மெல்லிய தோலுக்குள் விதைகள் புடைத்துத் தெரியும்.

ஆவாரையை எல்லோரும் அறிவார்கள். அதன் சிற்றிலை நுனி மழுங்கியிருக்கும், 8 முதல் 12 இணை வரை இருக்கும், இணைகளுக்கு நடுவே சிறிய சுரப்பிகள் நிற்கும், காம்பின் அடியில் காது போன்ற அகன்ற இலையடிச் செதில் இருக்கும். ஆவாரையிலையைக் கலந்து விற்பது உலகச் சந்தையிலேயே பழைய கலப்படம். அதில் பேதிக்கான சரக்கு கிடையாது என்றே கொள்ளலாம். ஆபத்தில்லை, ஆனால் பலனும் இல்லை.

கடற்கரை மணலில் தரையோடு படர்ந்து கிடக்கும் இன்னொரு சென்னா உண்டு. சிற்றிலைகள் வட்டமாக, காய் பிறை வடிவில் வளைந்து இருக்கும். அதுவும் பேதியாக்கும் என்றாலும் அளவு கணிக்க முடியாது. வேண்டாம்.

உண்மையில் அஞ்ச வேண்டியது பேயாவாரைக்குத்தான். சில ஊர்களில் இதைப் பொன்னாவாரை என்பார்கள். சாலையோரத்திலும் குப்பைமேட்டிலும் மழைக்குப் பின் தானாக முளைக்கும். 4 அல்லது 5 இணைச் சிற்றிலைகள்தான். காம்பின் அடியில் ஒரு கருஞ்சுரப்பி தெளிவாகத் தெரியும். கசக்கினால் குமட்டுகிற நாற்றம். காய் ஒல்லியாக, நீண்டு, சற்றே வளைந்திருக்கும். மேற்கு உத்தரப் பிரதேசத்தில் இதன் விதைகளைத் தின்ற குழந்தைகள் கல்லீரலும் மூளையும் பாதிக்கப்பட்டு இறந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. சந்தேகம் துளி இருந்தாலும் அந்தச் செடியை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று: நம் பக்கத்தில் நிலாவாரையை 'அவுரி' என்று சொல்பவர்கள் உண்டு. தலைமுடிச் சாயத்துக்கான நீல அவுரி முற்றிலும் வேறு செடி. நாட்டு மருந்துக் கடையில் அவுரி என்று மட்டும் கேட்டால் எது கைக்கு வரும் என்று சொல்ல முடியாது. 'பேதிக்கு உள்ள நிலாவாரை இலை' என்று கேளுங்கள், பொடியாக வாங்காமல் முழு இலையாக வாங்குங்கள். பொடியில் இலையின் அடையாளம் எதுவும் மிஞ்சாது.

வீட்டோரம் வளர்க்க விரும்பினால்

ஐந்தாறு செடிகள் ஒரு குடும்பத்துக்குத் தாராளம். விதைத்தோல் கடினமானது; மணலோடு சேர்த்து உள்ளங்கையில் தேய்த்துவிட்டு, புரட்டாசி கடைசியில் அல்லது ஐப்பசியில், வடகிழக்குப் பருவமழை ஈரத்தில் விதையுங்கள். செம்மண்ணும் மணல் கலந்த மண்ணும் ஏற்றவை. தண்ணீர் தேங்கினால் செடி அழுகிவிடும் என்பதால் மேடான இடமாகப் பாருங்கள். அவரைக் குடும்பம்தானே, வேரில் முடிச்சு விட்டு மண்ணுக்கு நைட்ரஜன் சேர்க்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இந்த இனம் அதைச் செய்வதில்லை. கொஞ்சம் தொழுவுரம் போடுங்கள். வெளிர் நிற வண்ணத்துப்பூச்சி ஒன்று வந்து முட்டையிடும், அதன் பச்சைப் புழு இலையைத் தின்னும். கையால் பொறுக்கிப் போட்டாலே போதும். மருந்துக்கு எடுக்கும் இலையில் பூச்சிக்கொல்லி அடிக்காதீர்கள்.

பறிப்பது

விதைத்து இரண்டு, இரண்டரை மாதத்தில் செடி மொட்டு விடத் தொடங்கும். அந்தத் தறுவாயில் முற்றிய இலையில் சத்து நன்றாக இருக்கும். நம் பக்கம் அது மார்கழி, தை மாதங்களில் வருகிறது. காலையில் பனி ஈரம் காய்ந்த பிறகே பறியுங்கள். கொழுந்தை விட்டுவிட்டு, கெட்டியாகி நீலம் பூத்த பச்சையாக இருக்கிற இலைகளைக் கையால் உருவி எடுங்கள். ஒரு மாதம் கழித்து அடுத்த பறிப்புக்குச் செடி தயாராகிவிடும். காய் வேண்டுமானால் சில செடிகளைப் பறிக்காமல் தனியே விடுங்கள். காயிலும் இதே மருந்துப் பொருள் இருக்கிறது.

உலர்த்துவது – மருந்து உருவாகும் இடம்

இந்த இடத்தில் சற்று நிதானமாகப் படியுங்கள். பறித்த பச்சை இலையில், பேதிக்குக் காரணமான சென்னோசைடுகள் அந்த வடிவத்தில் இருப்பதில்லை. ஒற்றை ஆந்த்ரோன் மூலக்கூறுகள் சர்க்கரையோடு பிணைந்த நிலையில்தான் இருக்கின்றன. இலை மெதுவாக உலரும்போது, இலையிலுள்ள நொதிகளின் வேலையால் அந்த ஒற்றை மூலக்கூறுகள் இரண்டிரண்டாக இணைந்து சென்னோசைடுகள் ஆகின்றன. இது நன்றாக நடப்பது 20 முதல் 50 டிகிரி செல்சியஸ் வரையான வெப்பத்தில். அதற்கு மேல் சூடு ஏறினால் நொதி வேலை கெடும்; இணைவதற்குப் பதிலாக மூலக்கூறுகள் ஆக்சிஜனேற்றம் அடைந்து வீரியம் குறைந்த ஆந்த்ராகுவினோன்களாகிவிடும்.

நண்பகலில் நம் ஊர்த் தார்ச்சாலையிலோ மொட்டைமாடி சிமெண்டுத் தளத்திலோ வெறுங்காலை வைத்துப் பாருங்கள். அந்தத் தளம் 50 டிகிரியைத் தாண்டுவது கோடையில் அன்றாடம். அங்கே இலையைக் கொட்டினால் ஒரே நாளில் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். பார்வைக்கு உலர்ந்த இலை, மருந்துக்குப் பாதி இழந்த இலை.

சரியான முறை இது. காற்றோட்டமுள்ள பனையோலைக் கொட்டகைக்குள் ஓலைப்பாயை விரியுங்கள். ஒரு இலை மேல் இன்னொரு இலை அதிகம் படியாதபடி மெல்லப் பரப்புங்கள். காலையும் மாலையும் கையால் அளைந்து புரட்டிவிடுங்கள். ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆகும். அவசரப்பட்டு அடுப்புச் சூட்டுக்கோ வெயிலுக்கோ கொண்டுபோக வேண்டாம். நன்கு உலர்ந்த இலை மஞ்சள் சாயல் கொண்ட பச்சையாக இருக்கும். கருப்போ பழுப்போ படிந்திருந்தால் சூடு மிஞ்சியது அல்லது ஈரம் தங்கியது என்று பொருள்.

உலர்ந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள, கடலாடிப் பக்கம் இலை உலர்த்துகிற ஒரு பெரியம்மா செய்துகாட்டிய முறையையே நான் பின்பற்றுகிறேன். ஒரு கை இலையை அள்ளிக் காதருகே வைத்துக் குலுக்கினார். "சலசலன்னு கேக்கணும் தம்பி. மெத்துனு இருந்தா இன்னும் ரெண்டு நாள் கிடக்கட்டும்" என்றார். பிறகு ஒரு சிற்றிலையின் நடுநரம்பை மட்டும் எடுத்து ஒடித்தார். அது வளையாமல் பட்டென்று முறிந்தது. பரப்பு முதலில் காயும், நரம்பு கடைசியில்தான் காயும் என்பதால் இந்தச் சோதனை நம்பகமானது. இலையின் ஈரம் 12 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது மருந்துநூல்கள் வைத்திருக்கும் வரம்பு. நரம்பு முறிகிற பக்குவத்தில் இந்தக் கவலை வேண்டாம்.

கடலோரத்துக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் போன்ற கரையூர்களில் இரவுக் காற்றின் ஈரம் அதிகம். பகலில் சலசலத்த இலை விடியற்காலையில் துவண்டு கிடக்கும். எனவே வெயில் சாய்வதற்கு முன் பாயோடு உள்ளே எடுத்துவிடுங்கள். உலர்ந்ததும் அன்றே இறுக்கமான மூடியுள்ள கண்ணாடி அல்லது எவர்சில்வர் டப்பாவில் போட்டு, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். ஈரமும் வெளிச்சமும் சென்னோசைடைச் சிதைக்கும். சணல் சாக்கில் வீட்டில் வைப்பது நம் காற்றுக்குச் சரிவராது.

இலைக்குள் என்ன இருக்கிறது

முக்கியமானவை சென்னோசைடு ஏ, சென்னோசைடு பி. 1941இல் சுவிட்சர்லாந்தில் ஆர்தர் ஸ்டோல் குழுவினர் இவற்றைத் தனியே பிரித்தெடுத்தார்கள். ரெயின் ஆந்த்ரோன் என்ற மூலக்கூறு இரண்டு, முதுகோடு முதுகு ஒட்டியதுபோல் இணைந்து, ஒவ்வொன்றும் ஒரு குளுக்கோஸைச் சுமந்திருக்கும் அமைப்பு இது. ஏ, பி இரண்டுக்கும் வாய்ப்பாடு ஒன்றேதான். முப்பரிமாண அமைப்பில் மட்டும் வேறுபாடு. ரெயினோடு அலோ எமோடின் சேர்ந்த சென்னோசைடு சி, டி ஆகியவையும் சிறிதளவில் உண்டு. தரமான உலர் இலையில் இவை எல்லாம் சேர்ந்து நூற்றுக்கு 2 முதல் 3 பங்கு இருக்கும். இந்த எண்ணை நினைவில் வையுங்கள். அளவு கணக்கிட இதுதான் அடிப்படை.

கேம்ப்ஃபெரால் போன்ற ஃபிளேவனாய்டுகள், வழவழப்பான பசை, வயிற்றைப் பிசைகிற வலிக்குக் காரணம் என்று சொல்லப்படும் பிசின் ஆகியவையும் இலையில் இருக்கின்றன. டின்னவெலின் கிளைகோசைடு என்றொரு பொருளும் உண்டு. நம் தென்மாவட்ட இலையை எகிப்து வழி வரும் அலெக்சாண்ட்ரியா இலையிலிருந்து ஆய்வுக்கூடத்தில் பிரித்தறிய அது உதவுகிறது. திருநெல்வேலியின் பெயர் ஒரு வேதிப்பொருளுக்குள் நிற்பது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

கல்லூரி ஆய்வுக்கூட வசதி உள்ளவர்கள் போர்ன்ட்ரேகர் சோதனையைச் செய்து பார்க்கலாம். இலைப்பொடியை நீர்த்த அமிலமும் ஃபெரிக் குளோரைடும் சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறிய பின் கரிமக் கரைப்பான் ஒன்றில் குலுக்கிப் பிரித்து, அந்தக் கரைப்பானோடு அம்மோனியாக் கரைசலைச் சேர்த்தால் அம்மோனியா அடுக்கு ரோஜாச் சிவப்பாகும். ஆந்த்ராகுவினோன் வகைப் பொருள் இருப்பதற்கு அது சான்று. வீட்டில் முயல வேண்டாம்.

உடலில் எப்படி வேலை செய்கிறது

குடித்த உடனே ஏன் எதுவும் நடப்பதில்லை என்று புதியவர்கள் கேட்பார்கள். சென்னோசைடில் உள்ள குளுக்கோஸ் பிணைப்பை நம் இரைப்பையாலும் சிறுகுடலாலும் உடைக்க முடியாது. அது அப்படியே பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே வாழும் பாக்டீரியாக்கள்தான் குளுக்கோஸை வெட்டி, மிஞ்சியதை ரெயின் ஆந்த்ரோனாக மாற்றுகின்றன. வேலை செய்கிற மருந்து அதுதான். அதைத் தயாரிப்பது நம் குடலிலேயே இருக்கிற நுண்ணுயிர்கள். இந்தப் பயணத்துக்கும் மாற்றத்துக்கும் 6 முதல் 12 மணி நேரம் ஆகிறது.

ரெயின் ஆந்த்ரோன் பெருங்குடலின் அசைவைத் தூண்டுகிறது. கூடவே, குடல் சுவரில் புரோஸ்டாகிளாண்டின் இ2 என்ற வேதிப்பொருளின் சுரப்பு கூடி, தண்ணீரை உள்ளிழுக்கும் அக்வாபோரின்-3 என்ற வாயில்கள் குறைகின்றன. மலத்திலிருந்து உறிஞ்சப்பட வேண்டிய நீர் குடலிலேயே தங்கி, மலம் இளகி வெளியேறுகிறது.

இதிலிருந்து இரண்டு செய்திகள் தெளிவாகின்றன. நான்கு மணி நேரத்தில் பேதி வரவில்லையே என்று இரண்டாவது டம்ளர் குடிப்பது தவறு. முதல் டம்ளர் இன்னும் பெருங்குடலை எட்டியே இருக்காது. அடுத்து, உணவின் சத்தும் கொழுப்பும் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டு முடிந்த பிறகுதான் இந்த மருந்தின் வேலை தொடங்குகிறது. ஆகவே 'மெலிய வைக்கும் டீ' என்று இதைக் குடித்தால் குறைவது கொழுப்பு அல்ல, உடலிலுள்ள நீர். அடுத்த நாள் தண்ணீர் குடித்ததும் எடை திரும்பிவிடும். அந்தப் பெயரில் விற்கும் பொட்டலம் எதை வாங்கினாலும் சேர்மானப் பட்டியலில் சென்னா இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அளந்து, ஊறவைத்துக் குடிப்பது

பெரியவர் ஒருவருக்கு ஒரு இரவுக்குத் தேவையான சென்னோசைடு 15 முதல் 30 மில்லிகிராம். ஒரு கிராம் இலையில் ஏறத்தாழ 20 முதல் 30 மில்லிகிராம் இருப்பதால், முதன்முறை குடிப்பவருக்கு அரை கிராமிலிருந்து முக்கால் கிராம், மிகுதியாகப் போனால் ஒரு கிராம். கைப்பிடி, கரண்டி, சிட்டிகை எல்லாம் இங்கே உதவாது. சிறிய டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள்.

நிறுத்த இலையைக் கையால் நொறுக்கி, கொதித்து ஆறிய ஒரு டம்ளர் நீரில் காலையிலேயே போட்டு மூடி வையுங்கள். பத்து மணி நேரம் ஊறட்டும். நம் வெப்பத்தில் நீர் புளித்துவிடக்கூடும். பிரிட்ஜ் இருந்தால் அதில் வைப்பது நல்லது. குளிர்ந்த நீரில் சென்னோசைடு இறங்கிவிடும், பிசின் அதிகம் இறங்காது. அதனால் வயிற்றைப் பிசையும் வலி குறையும். இரவு படுக்கப் போகும்போது மெல்லிய துணியில் வடிகட்டிக் குடியுங்கள். காலையில் வேலை செய்யும்.

சுவை கசப்பும் வழவழப்புமாக இருக்கும். ஒரு சிட்டிகை சுக்குப்பொடியும் சிறிது கருப்பட்டியும் சேர்க்கலாம். சித்த மருத்துவத்தின் நிலவாகைச் சூரணத்தில் சுக்கு, மிளகு, ஓமம், வாய்விளங்கம் சேர்வதும் வயிற்றுப் பொருமலையும் வலியையும் அடக்கத்தான். கடையில் கிடைக்கும் சூரணத்தை எடுப்பதானால் சித்த மருத்துவர் சொல்லும் அளவிலேயே எடுங்கள். அதோடு இலை நீரையும் சேர்த்துக் குடிக்காதீர்கள்.

வாரத்தில் இரண்டு மூன்று இரவுகள் போதும். ஒரு வாரத்துக்கு மேல் தொடர வேண்டாம். சிறுநீர் மஞ்சள் பழுப்பாகவோ சிவப்புச் சாயலாகவோ மாறலாம். மருந்தின் நிறம்தான் அது. மறுநாள் தண்ணீர், மோர், நீராகாரம் தாராளமாகக் குடியுங்கள். உப்பளத்திலும் படகிலும் நாள் முழுக்க வெயிலில் நிற்பவர்கள், வேலையில்லாத நாளுக்கு முந்தைய இரவில் மட்டும் எடுக்க வேண்டும். வியர்வையில் போகிற நீரும் பேதியில் போகிற நீரும் சேர்ந்தால் மயக்கம் வரும்.

மலச்சிக்கல் அடிக்கடி வருகிறது என்றால் முதலில் தண்ணீர், கீரை, கம்பு, கேழ்வரகு, பழம். நிலாவாரை அதற்கெல்லாம் அசையாதபோது எடுக்கிற மருந்து.

யார் தொடக் கூடாது

பன்னிரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு வீட்டில் கொடுக்கவே கூடாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. குடலடைப்பு, குடல்வால் அழற்சி, குடற்புண் அழற்சி நோய்கள் உள்ளவர்கள், சிறுநீரக நோயாளிகள் விலகி இருக்க வேண்டும்.

பேதியோடு பொட்டாசியமும் வெளியேறுகிறது. இதய நோய்க்கு டிகாக்சின் எடுப்பவர்கள், இரத்த அழுத்தத்துக்குச் சிறுநீர் பெருக்கி மாத்திரை போடுபவர்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்கள் ஆகியோருக்கு இது இதயத் துடிப்பையே குழப்பிவிடும். நம் வீடுகளில் இருமலுக்குச் சாதாரணமாகக் கொடுக்கிற அதிமதுரமும் பொட்டாசியத்தைக் குறைக்கும். இரண்டையும் ஒரே சமயத்தில் எடுக்கக் கூடாது.

மாதக்கணக்கில் குடிப்பவர்களுக்குக் கைகால் தளர்ச்சி, தசைப் பிடிப்பு வரும். பெருங்குடலின் உட்சுவர் கருமை படியும். நிறுத்தினால் சில மாதங்களில் அது மறையும். வலிநிவாரண மார்ஃபின் எடுக்கும் புற்றுநோயாளிகளுக்கு மருத்துவர்களே சென்னா மாத்திரையை நீண்ட நாள் கொடுப்பது உண்டு. அது கண்காணிப்போடு நடப்பது, வீட்டு வைத்தியத்துக்கு முன்மாதிரி ஆகாது.

வயிற்று வலியோடு வாந்தியும் இருந்தால், மலத்தில் இரத்தம் தெரிந்தால், இத்தனை வருடம் ஒழுங்காக இருந்த வயிற்றுப் பழக்கம் திடீரென்று மாறி இரண்டு வாரம் நீடித்தால், நிலாவாரையைக் கையில் எடுக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள். ஏற்கெனவே குடித்துவிட்ட நிலையில் பேதி நிற்காமல் போனாலோ தலைசுற்றல், படபடப்பு வந்தாலோ உப்பு சர்க்கரைக் கரைசலைக் குடித்துக்கொண்டே கிளம்புங்கள். டப்பாவில் மிச்சமிருக்கும் இலையையும் எடுத்துப்போய், எத்தனை கிராம், எப்போது குடித்தீர்கள் என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.